ரெண்டு அமாவாசை, 727 டாலர், ஒரு பேட்டரி மூடி

இத எழுதணுமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். படிக்கறவங்கள்ல நூத்துல ஒருத்தர்கிட்ட கூட இருட்டுல பாக்கற இந்த நைட் விஷன் சாமான் இருக்காது. ஆனா டெக்ஸாஸ் பக்கம் நம்மாளுங்க சில பேர் வானம் பாக்கறேன், ராத்திரி நடக்கறேன்னு கொஞ்சம் கொஞ்சமா இதுல காச போட ஆரம்பிச்சிருக்கறது எனக்கே தெரியும், அதுல ஒருத்தராவது இது நடுவழில அணைஞ்சு போய் நான் நின்ன மாதிரி கும்மிருட்டுல பேந்த பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு தான் உக்காந்துட்டேன்.

என்கிட்ட இருக்கறது பிவிஎஸ்-14. ஒத்தக் கண்ணுக்கு முன்னாடி வர்ற நைட் விஷன், அமெரிக்க ராணுவத்துல பல வருஷமா ஓடுற மாடல், சுமார் 350 கிராம் எடை, ஓடறது ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரில, நம்மூர்ல பென்டார்ச் பேட்டரின்னு சொல்வோமே அதே தான். ஹெல்மெட் நெத்தில ஒரு தகடு, அதுல மவுண்ட், மவுண்ட்ல இருந்து வளைஞ்சு வர்ற ஒரு கை, அதுக்கு ஜே ஆர்ம்னு பேரு, அந்தக் கையில கருவிய ஒரு கைத்திருகு போட்டு முறுக்கி மாட்டணும். வேணாம்னா மேல தூக்கி விட்டுக்கலாம். 2023ல ஒரு டீலர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல 2,900 டாலருக்கு வாங்கினேன். வீட்டுல சொன்ன விலை வேற, அத விடுங்க. நான் சுடறதுக்கு வேட்டைக்கு எல்லாம் போறவன் இல்ல, எனக்கு இது நட்சத்திரம் பாக்க. முன்னாடி ஒரு 7 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர், அதாவது ஹைட்ரஜன் வாயு விடற சிவப்பு ஒளிய மட்டும் உள்ள விடற கண்ணாடி, புடிச்சா வெறும் கண்ணுக்கு சுத்தமா தெரியாத நெபுலா, அந்த வாயு மேகம் எல்லாம் புகை மாதிரி வானத்துல தொங்கும், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்த சுத்தி இருக்கற பெரிய வளையம், பார்னார்ட்ஸ் லூப்னு சொல்வாங்க, அது அப்படியே தெரியும். ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் விட முடியாது.

2024 தேங்ஸ்கிவிங் லீவுல அமாவாசையும் சேந்து வந்துச்சு, நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி. இந்த மாதிரி பொருத்தம் எப்பவாவது தான் அமையும். ஆஸ்டின்ல இருந்து எட்டு மணி நேரம் ஓட்டி பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு போனேன், தனியா. 2012லயே அத இருண்ட வானப் பூங்கான்னு அங்கீகாரம் குடுத்துட்டாங்க, அந்த மாதிரி இருட்டு வேற எங்கயும் நான் பாத்ததில்ல. கிரேப்வைன் ஹில்ஸ்னு ஒரு நடைபாதை, போக ஒரு மைல் வர ஒரு மைல்னு வச்சுக்கோங்க, பெரும்பாலும் மணல் ஓடை, கடைசில மட்டும் பாறை மேல ஏறணும். பகல்ல ஏற்கனவே ரெண்டு தடவ போன பாதை தான், அதனால தைரியமா பத்து மணிக்கு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சேன். பாறை ஏத்தத்துக்கு கொஞ்சம் முன்னாடி படம் டக்குனு அணைஞ்சுது.

இது எப்படி இருக்கும்னு சொல்லணும். டார்ச் அணைஞ்சா கண்ணு கொஞ்ச நேரத்துல பழகிடும். இது அப்படி இல்ல, அதுவரைக்கும் ஒரு கண்ணு வெளிச்சத் திரைய பாத்துக்கிட்டு இருந்திருக்கு, அது திடீர்னு அணைஞ்சதும் அந்தக் கண்ணுல ஒரு வட்டம் மட்டும் மிதக்குது, இன்னொரு கண்ணு இருட்டுக்கு பழகி இருந்தாலும் மூளை எதை நம்பறதுன்னு தெரியாம தடுமாறுது. ஹெட்லாம்ப் எங்க? பைல, அடியில, தண்ணி பாட்டிலுக்கும் ஜாக்கெட்டுக்கும் கீழ. போன்ல 18 பர்சென்ட். ஹெல்மெட்ட தட்டினேன், வந்துச்சு. பத்து அடி நடந்தேன், போச்சு. தட்டினேன், வரல. குமிழ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், வந்துச்சு. அப்புறம் மறுபடி போச்சு. சரி பேட்டரி தான்னு முடிவு பண்ணி கார்ல கிடந்த ஸ்பேர் பேட்டரி ஒண்ண, நல்லவேளை பாக்கெட்ல போட்டு வந்திருந்தேன், அத மாத்தலாம்னு மூடிய கழட்டினா விரல் மரத்து போயிருக்கு, பேட்டரி எந்தப் பக்கம்னு தடவி தடவி மூணு தடவ திருப்பி போட்டேன். வந்துச்சு. இருபது நிமிஷம் கூட ஓடல. நடுவுல எங்கயோ புதர்ல ஒரு உறுமல், காட்டுப்பன்னி மாதிரி ஹவெலினான்னு ஒண்ணு இருக்கு அங்க, அதா இருக்கும்னு நினைக்கறேன், ஆனா அந்த நேரத்துல எனக்கு அது சிறுத்தை தான். அவசரமா திரும்பினதுல லெச்சுகியா முள்ளு, அந்த பாலைவனத்து கத்தாழை, முழங்காலுக்கு கீழ ஒரு இஞ்ச் ஏறிடுச்சு. கடைசில போன் வெளிச்சத்துல காருக்கு வந்து சேந்தப்ப மணி ஒண்ணரை. ஒரு மைல் வர மூணு மணி நேரம். வெக்கமா சொல்றேன், கார்ல உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதனால மத்த எல்லாத்துக்கும் முன்னாடி இது: சிவப்பு வெளிச்சம் இருக்கற ஹெட்லாம்ப் ஒண்ணு கழுத்துல தொங்கணும். பைல இல்ல, பாக்கெட்ல இல்ல, கழுத்துல. எவ்வளவு விலை குடுத்து வாங்கின நைட் விஷனா இருந்தாலும் அது அணையும்னு நினைச்சு தான் கிளம்பணும். ஸ்பேர் பேட்டரி சட்டைக்கு உள் பாக்கெட்ல, உடம்பு சூடு படற இடத்துல. அல்கலைன் பேட்டரி குளிர்ல பாதி உசிரா போயிடும், உள்ள இருக்கற தண்ணி கலவை மந்தமாயிடறதால வோல்டேஜ் இறங்கிடும், கொஞ்ச நேரம் கையில புடிச்சு சூடு பண்ணா திரும்ப எழுந்திரிக்கும். சின்ன வயசுல எங்க வீட்டுல எவரெடி பேட்டரிய எடுத்து வெயில்ல காய வைப்பாங்க, அதே தத்துவம் தான். என்னோட ஸ்பேர் இன்னும் மோசம், ஒரு முழு டெக்ஸாஸ் கோடை காலம் கார் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள வெந்துகிட்டு கிடந்தது. அத பாக்கெட்ல போட்டதும் போடாததும் ஒண்ணு தான்.

வீட்டுக்கு வந்ததும் நிதானமா யோசிச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன், ராத்திரி ஹால்ல லைட்ட போட்டுட்டு, முன் லென்ஸ் மூடிய மாட்டி, ஆன் பண்ணி மேஜை மேல வச்சேன். அந்த மூடில நடுவுல ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும், வெளிச்சத்துல டெஸ்ட் பண்றதுக்குன்னே வச்சிருக்காங்க. நல்லா ஓடுச்சு. மூடிய எடுத்து பாத்தேன், ஒரு நிமிஷம் போல ஓடி அணைஞ்சுது. அய்யோ டியூப், அதாவது வெளிச்சத்த பெருக்கி காட்டற முக்கியமான பாகம், அது போச்சுன்னு வயிறு கலங்கிடுச்சு. அது கோளாறே இல்ல. வெளிச்சம் அதிகமா தொடர்ந்து விழுந்தா டியூப காப்பாத்தறதுக்காக தன்னால அணைச்சுக்கற ஏற்பாடு அது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். மேனுவல்ல தெளிவா போட்டிருக்கு. நான் மேனுவல படிச்சது ஜனவரில. இதுல இன்னொரு கூத்து, கண்ணு பக்கம் ஒரு சிவப்பு புள்ளி விடாம எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பேட்டரி தீரப்போகுதுன்னு நினைச்சு மூணு புது பேட்டரி மாத்தினேன். சிவப்பு விடாம எரிஞ்சா கருவிலயே இருக்கற இன்ஃப்ராரெட் விளக்கு, வெறும் கண்ணுக்கு தெரியாத வெளிச்சம், அது ஆன்ல இருக்குன்னு அர்த்தம், குமிழ இழுத்து இன்னொரு படி திருப்பினா அது எரியும், நான் தெரியாம திருப்பி வச்சிருக்கேன். சிவப்பு விட்டு விட்டு சிமிட்டினா தான் பேட்டரி தீருது, கிட்டத்தட்ட அரை மணி நேரம் தான் மிச்சம்னு அர்த்தம்.

ஆக டியூப் தான் போச்சுன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். பயம் வந்தா விலை ஜாஸ்தியான பார்ட்ட தான் முதல்ல சந்தேகப்படுவோம் போல. டீலருக்கு மெயில் போட்டேன், வாரண்டி முடிஞ்சு போச்சு, பாக்கறதுக்கு மட்டும் 125 டாலர்னாங்க, இன்ஷூரன்ஸ் போட்டு பார்சல் அனுப்ப 78 டாலர். டிசம்பர் முதல் வாரம் அனுப்பினேன், கிறிஸ்துமஸ் லீவு அது இதுன்னு அஞ்சு வாரம். டிசம்பர் 30 அமாவாசைக்கு பிக் பெண்ட் பக்கத்துல இருக்கற டெர்லிங்குவால ரூம் போட்டிருந்தேன், லேட்டா கேன்சல் பண்ணதால ஒரு நாள் வாடகை 170 டாலர் போச்சு. ஜனவரி நடுவுல பார்சல் திரும்பி வந்துச்சு, கூட ஒரு சீட்டு: நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி பாத்தோம், எந்தக் கோளாறும் இல்ல. எனக்கு வந்த கோவம் சொல்லி மாளாது. இத்தனைக்கும் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பதினாறு வருஷமா இருக்கறவன், கஸ்டமர் அனுப்பற கம்ப்ளைண்ட எங்க மெஷின்ல வரலைன்னு எத்தனை தடவ மூடி இருப்பேன், அந்த வினை தான்னு இப்ப தோணுது. தப்பு அவங்க மேல இல்ல. நான் கருவிய மட்டும் தனியா கழட்டி அனுப்பினேன், "சில சமயம் அணையுது"ன்னு ஒரே வரி எழுதினேன். அவங்க மேஜை மேல அசையாம வச்சு, அவங்க புது பேட்டரி போட்டு ஓட்டினாங்க. என் தலையில அது நடக்கும்போது குலுங்குது, குனியுது, மவுண்ட்ல தொங்குது. அந்த சூழ்நிலைய நான் அனுப்பவே இல்லையே.

நீங்க அனுப்பறதா இருந்தா ஹெல்மெட், மவுண்ட், ஜே ஆர்ம், நீங்க போடற அதே பேட்டரி எல்லாத்தையும் சேத்து அனுப்புங்க. அனுப்பறதுக்கு முன்னாடி கண்ணுப்பக்கத்துல போன வச்சு அணையறத வீடியோ எடுத்துடுங்க, எத்தனை நிமிஷத்துல அணைஞ்சுது, அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க, என்ன பண்ணதும் திரும்ப வந்துச்சுன்னு எழுதி வைங்க. ஊர்ல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுத்தா அரை மணி நேரத்துல பாத்து குடுத்துடுவாங்களேன்னு எனக்கும் தோணுச்சு, அடுத்த லீவுக்கு எடுத்துட்டு போயிடலாமான்னு கூட ஒரு நிமிஷம் நினைச்சேன். நினைக்கவே கூடாது. ஐடார்னு ஆயுத ஏற்றுமதி சட்டம் ஒண்ணு இருக்கு, லைசென்ஸ் இல்லாம இந்த சாதனத்த அமெரிக்காவ விட்டு வெளிய கொண்டு போனா அது ஏற்றுமதி குத்தம், பெட்டில துணிக்கு அடியில வச்சாலும் குத்தம் தான். விக்கறவங்களே சிட்டிசனா, கிரீன் கார்டான்னு கேட்டு எழுதி வாங்கிட்டு தான் குடுப்பாங்க. பிக் பெண்ட் போறவங்க இன்னொண்ணும் கவனிங்க, அங்க பூங்காவுக்குள்ளயே போகியாஸ்னு மெக்ஸிகோவுக்கு கடக்கற இடம் இருக்கு, படகுல அந்தப் பக்கம் போய் டாக்கோ சாப்பிட்டு வரலாம், நல்லா இருக்கும், ஆனா பைல இது இருக்கக்கூடாது. திரும்பி வடக்க வர்ற ரோட்டுல எல்லைக் காவல் செக்போஸ்ட் வேற உண்டு.

அப்புறம் மவுண்ட் மேல சந்தேகம் வந்துச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர், மவுண்ட்ல காந்தம் இருக்கு, கருவி மவுண்ட்ல இருந்து கழண்டு விழுந்தா வெளிச்சம் முகத்துல அடிச்சு காட்டிக் குடுத்துடக்கூடாதுன்னு ராணுவத்துக்காக வச்ச ஆட்டோ ஆஃப், அது கோளாறு பண்ணுதுன்னு சொன்னாரு. பாதி சரியான பதில் தான் பர்ஸுக்கு ஆபத்து. நான் 290 டாலருக்கு புது மவுண்ட் வாங்கினேன், பழைய ஜே ஆர்ம அப்படியே மாட்டினேன். புது மவுண்ட் ஆடாம கச்சிதமா இருந்ததால ஒரு வாரம் வீட்டுத் தோட்டத்துல நல்லா ஓடுச்சு, பிரச்சினை தீந்துடுச்சுன்னு நண்பன்கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன். தை அமாவாசை ஜனவரி 29, புதன்கிழமை, லீவு போட்டுட்டு ஆஸ்டினுக்கு வடமேற்க இருக்கற லானோ ஊர் பக்கம் ஒரு நண்பர் நிலத்துக்கு போனேன். ஏழே முக்காலுக்கு அணைஞ்சுது. தட்டினேன், ஆஃப் ஆன் பண்ணேன், பேட்டரி மாத்தினேன், எதுக்கு எப்ப வருதுன்னே புரியல. அன்னிக்கு ஹெல்மெட்ட தூக்கி புல்லுல வீசிட்டேன். 2,900 டாலர்னு ஞாபகம் வந்து ஓடிப்போய் எடுத்தேன்.

விடை வந்தது எதிர்பாக்காத இடத்துல இருந்து. எங்க அப்பா திருநெல்வேலில ஈபில லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல என்ன ஏல மூஞ்சி தொங்கிக்கிடக்குன்னு கேட்டாரு, ராத்திரி பாக்கற கண்ணாடி ஒண்ணு அணைஞ்சு அணைஞ்சு போகுதுப்பான்னு மேலோட்டமா சொன்னேன். அவரு அது என்ன மாடல், டியூப் என்னன்னு ஒண்ணும் கேக்கல. "தட்டுனா வருதா, இல்ல அமத்திப் போட்டா வருதா?" அவ்வளவு தான் கேட்டாரு, அமத்தறதுன்னா எங்க ஊர்ல ஆஃப் பண்றது. ஒரு தடவ தட்டினா வருதுப்பா, ஒரு தடவ தட்டினா வரமாட்டேங்குது, அமத்திப் போட்டா தான் வருதுன்னேன். "அப்ப ரெண்டு கோளாறு இருக்குல. ஒண்ணு லூஸ் காண்டாக்ட். இன்னொண்ணு ஏதோ டிரிப் ஆகுது. ஒண்ணா போட்டு குழப்பாத, தனித்தனியா பாரு." அப்புறம் மாடித் தொட்டி மோட்டார் கதைக்கு போயிட்டாரு.

இத கேட்டு எனக்கு அப்படியே பேச்சு வரல. அணையறது எல்லாம் ஒரே மாதிரி தான் தெரியும், இருட்டு இருட்டு தான். திரும்ப வர்ற விதம் தான் வேற வேற. தட்டினா, தலைய ஆட்டினா தன்னால வந்துச்சுன்னா கரண்ட் போற பாதையில எங்கயோ விட்டு விட்டு தொடுது. எவ்வளவு தட்டினாலும் வராம, குமிழ ஆஃப் வரைக்கும் கொண்டுபோய் ஆன் பண்ணா உடனே பளிச்சுனு வந்துச்சுன்னா கருவி தானே வேணும்னு அணைச்சுக்கிட்டு இருக்கு, காந்தமோ வெளிச்சமோ ஏதோ ஒண்ணு அதுக்கு சொல்லிருக்கு. ரெண்டுமே இல்லாம கொஞ்ச நேரம் சும்மா விட்டாலோ கையில பேட்டரிய சூடு பண்ணாலோ வந்து, கொஞ்ச நேரத்துல மறுபடி போச்சுன்னா அது பேட்டரி. பிக் பெண்ட்ல எனக்கு மூணும் ஒரே ராத்திரில நடந்திருக்கு, அதனால தான் என்ன பண்ணாலும் பாதி வேலை செஞ்சுது, எதுவும் முழுசா வேலை செய்யல.

பிப்ரவரி 26 சிவராத்திரி. மனைவி கோயிலுக்கு போயிட்டா, நான் கராஜ்ல உக்காந்து கண் முழிச்சேன், எப்படியோ புண்ணியம் கிடைச்சிருக்கும். முதல்ல மவுண்ட், ஜே ஆர்ம் எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு கருவிய மட்டும் கையில புடிச்சு, லைட்ட அணைச்சுட்டு ஆன் பண்ணேன். பேட்டரி மூடிய விரலால லேசா பக்கவாட்டுல அழுத்தினேன், அணைஞ்சுது. விட்டேன், வந்துச்சு. மூணு மாசமா தேடினது முப்பது செகண்ட்ல கையில மாட்டிக்கிச்சு. மூடிய கழட்டி பூதக்கண்ணாடி வச்சு பாத்தா உள்ள ஸ்ப்ரிங் அடியில மெல்லிசா வெள்ளைப் பொடி. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரோ நானோ எப்பவோ ஒரு அல்கலைன் பேட்டரிய உள்ளயே மறந்து விட்டிருக்கோம், அது கசிஞ்சு காஞ்சு போயிருக்கு. அது பத்தாதுன்னு தண்ணி போகாம இருக்க மூடில ஒரு ரப்பர் ஓ ரிங் இருக்குமே, அது ஒரு பக்கம் பிதுங்கி நின்னதால மூடி முழுசா அமரவே இல்ல, கைக்கு டைட்டா இருக்கற மாதிரி தெரியும், உள்ள பேட்டரிய நல்லா அழுத்தாது. மேஜை மேல வச்சா தொட்டுக்கிட்டு இருக்கும், நடந்தா குலுங்கி விடும். டீலர் கடைல ஏன் வரலைன்னு அப்ப தான் புரிஞ்சுது.

சுத்தம் பண்ணது இப்படி. கசிவு காரம், அதனால பஞ்சு குச்சில ஒரே ஒரு சொட்டு வினிகர் தொட்டு துடைச்சேன், எலுமிச்சம் சாறும் போதும். பொங்கி அடங்கினதும் 90 பர்சென்ட்டுக்கு மேல இருக்கற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல இன்னொரு குச்சிய நனைச்சு வினிகர் மிச்சம் இல்லாம துடைச்சு, அரை மணி நேரம் காய விட்டேன். கருவிய தலைகீழா புடிச்சுக்கிட்டு தான் பண்ணணும், ஈரம் உள்ள இறங்கக்கூடாது, லென்ஸ் பக்கம் படவே கூடாது. கறுத்து போயிருந்த தொடுமுனைய பென்சில் அழிக்கற ரப்பரால லேசா தேச்சேன். உப்புத்தாள் போடாதீங்க, மேல இருக்கற முலாம் போயிடுச்சுன்னா அப்புறம் வருஷத்துக்கு நாலு தடவ இதே வேலை தான். ஸ்ப்ரிங்க விரலால கொஞ்சூண்டு இழுத்து விட்டேன். ஓ ரிங்க எடுத்து துடைச்சு, சிலிகான் கிரீஸ் நெல்லு அளவு தடவி பள்ளத்துல ஒழுங்கா உக்கார வச்சேன், மரைல, தொடுமுனைல கிரீஸ் படாம. மூடி அதுக்கு முன்னாடி நின்ன இடத்த விட அரை சுத்து கூடுதலா உள்ள போச்சு. அந்த அரை சுத்து தான் எனக்கு ரெண்டு அமாவாசை.

அதுக்கு மேல எதையும் பிரிக்காதீங்க. உடம்பு கூட்டுக்குள்ள ஈரம் இல்லாம நைட்ரஜன் அடைச்சு சீல் பண்ணிருப்பாங்க, டியூபுக்குள்ள அந்த சின்ன பேட்டரில இருந்தே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாக்கற சர்க்யூட் இருக்கு. பேட்டரி மூடி, ஸ்ப்ரிங், திருகு, மவுண்ட், இதோட நம்ம எல்லை முடிஞ்சுது.

ரெண்டாவது கோளாறு. ஜே ஆர்ம மாட்டி, ஹெல்மெட்ல போட்டு, கையால கருவிய லேசா ஆட்டினேன். அணைஞ்சுது. தட்டினா வரல, ஆஃப் ஆன் பண்ணா வந்துச்சு. அப்பா சொன்ன டிரிப். ஜே ஆர்ம் கைத்திருகு கால் சுத்து லூஸா இருந்துச்சு, ஒவ்வொரு தடவ மேல தூக்கி கீழ இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டிருக்கு, அந்த இடைவெளி வந்ததும் உள்ள இருக்கற சுவிட்ச் காந்தம் விலகிடுச்சு, கழட்டிட்டாங்கன்னு நினைச்சு பவர கட் பண்ணிடுது. 290 டாலர் மவுண்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. திருக கையால நல்லா முறுக்கினேன், கட்டிங் பிளேயர் போடல, கூடு பிளாஸ்டிக், மரை போச்சுன்னா அது தான் உண்மையான செலவு. மனைவியோட நெயில் பாலிஷ்ல திருகுக்கும் கூட்டுக்கும் சேத்து ஒரு கோடு போட்டேன், கோடு விலகி இருந்தா கழண்டிருக்குன்னு அர்த்தம், இருட்டுல போறதுக்கு முன்னாடி ஒரு பார்வை போதும். எல்லா மவுண்ட்லயும் ஜே ஆர்ம்லயும் இந்தக் காந்த ஏற்பாடு ஒரே மாதிரி இருக்காது, உங்களோடதுல எப்படின்னு வீட்டுல கழட்டி மாட்டி பாத்து வச்சுக்கோங்க.

ரெண்டு கண்ணு மாடல் வச்சிருக்கற நண்பர் ஒருத்தருக்கு ஹெல்மெட் பின்னாடி பேட்டரி பெட்டி, அங்க இருந்து முன்னாடி வரைக்கும் கேபிள். அவருக்கு இடது பக்கம் திரும்பினா மட்டும் அணையும். அந்த மாதிரி இருந்தா முதல்ல கேபிள கழட்டிட்டு கருவிக்குள்ளயே இருக்கற பேட்டரில ஓட்டி பாருங்க, சரியா ஓடுச்சுன்னா கோளாறு பின்னாடி பாதில. அவருக்கு கேபிள் ஹெல்மெட் ஓரத்துல நசுங்கி உள்ள கம்பி அறுந்திருந்தது. கனெக்டர் முனை வளைஞ்சிருக்கான்னும் பாருங்க, அவசரத்துல இருட்டுல குத்தினா வளையும்.

பேட்டரி விஷயத்துல இப்ப நான் லித்தியம் டபுள் ஏ தான் போடறேன், எனர்ஜைசர் லித்தியம். அதுவும் 1.5 வோல்ட் தான், எடை கம்மி, மைனஸ் 40 டிகிரி வரைக்கும் தாங்கும், முக்கியமா கசிஞ்சு நாசம் பண்ற பயம் ரொம்ப குறைவு. அதுல ஒரு வம்பும் உண்டு, கடைசி வரைக்கும் வோல்டேஜ் இறங்காம வந்து திடீர்னு விழும், சிவப்பு சிமிட்டல் ரொம்ப லேட்டா தான் வரும். அதனால ஹெல்மெட் உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி ஓட்டின மணி நேரத்த எழுதறேன். ஒரு நல்ல பேட்டரி சாதாரண வெப்பத்துல 40 மணி நேரத்துக்கு மேலயே ஓடணும், உங்களோடது அஞ்சு ஆறு மணி நேரத்துல தீருதுன்னா பேட்டரிய திட்டாதீங்க, தொடுமுனைய பாருங்க. ரீசார்ஜ் பண்ற நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், ஓடும், சிமிட்டல் சீக்கிரமே வந்து பயமுறுத்தும். அதே சைஸ்ல 3.6, 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி விக்கறாங்க, பாக்க டபுள் ஏ மாதிரியே இருக்கும், அத மட்டும் மேனுவல்ல இருக்குன்னு கண்ணால பாக்காம போடாதீங்க. மல்டிமீட்டர்ல சும்மா தொட்டு பாத்து 1.5 காட்டுதுன்னு நம்பாதீங்க, செத்துக்கிட்டு இருக்கற பேட்டரியும் ஓய்வுல நல்ல நம்பர் தான் காட்டும், லோடு வச்சு பாக்கற சின்ன டெஸ்டர் மலிவா கிடைக்குது. சீசன் முடிஞ்சா பேட்டரிய வெளிய எடுத்துடுங்க. இந்த மூணு மாசத்துல பேட்டரிக்கு மட்டும் 64 டாலர் ஆச்சு. மொத்தம் கூட்டி பாத்தா 727. சரி பண்ண உண்மையில செலவானது ஒரு சொட்டு வினிகர், பஞ்சு குச்சி, இரவல் நெயில் பாலிஷ்.

பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை மறுபடி லானோ. வெள்ளி கிரகம் மேற்க பளபளன்னு இறங்கற வரைக்கும் காத்திருந்து, முழுசா இருட்டினதும் ஆன் பண்ணேன். வேணும்னே குனிஞ்சேன், குதிச்சேன், ஹெல்மெட்ட தட்டினேன், நண்பர் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பாத்தாரு. அணையல. ஃபில்டர புடிச்சதும் ஓரியன் இடது பக்கமா பார்னார்ட்ஸ் லூப் வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுது. பதினொன்னரைக்கு, டேப்ல எழுதின கணக்குப்படி இன்னும் நேரம் இருந்தாலும், வேணும்னே கண்ண மூடிக்கிட்டு பேட்டரிய மாத்தினேன். மூடி, பேட்டரி, மூடி, அந்த அரை சுத்து. பதினெட்டு செகண்ட். அடுத்த நாள் அப்பாவுக்கு போன் போட்டு சரியாயிடுச்சுப்பான்னு சொன்னேன், "மூடி தானே?"ன்னு கேட்டுட்டு, அந்த கண்ணாடி என்ன விலைல வரும்னாரு. சிக்னல் சரியில்லப்பா, அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன்.